பின்குடுமிக்காரனின் மகன்

தோலப்பான் ஊரில் நரைத்த தலையில் பின்குடுமி வைத்திருந்த ஒரே ஆள் சிமால்தான். அது விடலைப் பையன்கள் வைத்துக்கொள்ளும் குடுமி. சண்டைக்குப் போய், எதிரி ஒருவனை உயிரோடு பிடித்து இழுத்து வந்து, கோயிலில் பலிக்கு ஒப்படைத்தால் அன்றைக்கே அதை மழித்துவிடுவார்கள். அதற்கப்புறம்தான் ஆம்பிளை என்று பேர். எதிரியைக் கொன்றுவிட்டு வந்தால் அதில் ஒரு பெருமையும் கிடையாது. கொல்வதற்கு என்ன, எந்தத் தடியனும் கொல்லலாம். உயிரோடு கொண்டுவர வேண்டும்.

இப்போது அந்தக் கோயில் இல்லை. அது இருந்த மேட்டில் சாமியார்கள் சிலுவை நட்டுப் பூசை வைக்கிறார்கள். ஒப்படைக்கவும் ஆளில்லை, வாங்கிக்கொள்ளவும் ஆளில்லை. ஆனாலும் ஊர்ப் பெரியவர்கள் சிமாலின் குடுமியை எடுக்க ஒத்துக்கொள்ளவில்லை. கடல் தாண்டி வந்த காஸ்தீல்காரர்கள் நாட்டைப் பிடுங்கிக்கொண்டார்கள், சாமியை மாற்றினார்கள், ஆளாளுக்குப் பேரையும் மாற்றினார்கள். எல்லாவற்றுக்கும் தலையாட்டிய பெரியவர்கள் விடாப்பிடியாக நின்றது இந்த ஒரு விஷயத்தில்தான்.

வாய்க்கால் துறையில் ஓடத்தைக் கட்டும்போதெல்லாம் தெகோல் கேட்பான். தெகோல் சிமாலின் பங்காளி; தன் காலத்தில் நாலு பேரைப் பிடித்தவன்; அதை மறக்கிறவனும் இல்லை, மறக்க விடுகிறவனும் இல்லை.

"என்ன பின்குடுமி, இன்னிக்காவது எவனாச்சும் மாட்டுனானா?"

"ரெண்டு தவள மாட்டுச்சு. வேணும்னா சொல்லு."

"உசுரோடவா?"

துறையில் இருப்பவர்கள் எல்லாரும் சிரிப்பார்கள். சிமாலும் சிரித்து வைப்பான். உள்ளே பற்றி எரியும்.

ஏனென்றால் சிமால் ஒருவனைப் பிடித்திருந்தான். ஏரிக்கு நடுவில் இருந்த நம் ராஜாவின் பெருநகரத்தைக் காஸ்தீல்காரர்கள் வளைத்திருந்தபோது, ஏரியின் குறுக்கே போகும் சாலை உடைந்த இடத்தில், சேற்றுக்குள் இடுப்பளவு புதைந்து கிடந்த மஞ்சள் முடிக் காஸ்தீல்காரன் ஒருவனைத் தலைமுடியைப் பற்றி வெளியே இழுத்தான். முறைப்படி, "இவன் என் அன்பு மகன்" என்று உரக்கச் சொன்னான். பிடிபட்டவன், "இவர் என் அன்புத் தகப்பன்" என்று பதில் சொல்ல வேண்டும். இவன் என்னவோ தன் பாஷையில் அம்மாவைக் கூப்பிட்டு ஓவென்று அழுதான். கிட்டத்தட்ட அதே அர்த்தம்தான் என்று சிமால் எடுத்துக்கொண்டான். உச்சந்தலையில் ஒரு கொத்து முடியைப் பிடித்த பிடியில் வேரோடு பிடுங்கி மடியில் முடிந்துகொண்டான். அதுவும் முறைதான்.

மகன் என்று சொல்லிவிட்டால் சும்மா இல்லை. சோறு போட வேண்டும், காயத்தைக் கழுவ வேண்டும், பலியன்று அவனுக்காக அழ வேண்டும். நகரமே புல்லையும் பல்லியையும் தின்றுகொண்டிருந்த நேரம். பெண்டாட்டி பிள்ளையோடு நகரத்துக்குள் மாட்டிக்கொண்டிருந்த சிமால், தங்கியிருந்த வீட்டில் மிச்சமிருந்த ஒரே ஒரு பிடி சோளத்தை வறுத்து அந்தக் கட்டிப்போட்ட பயலுக்கு ஊட்டினான். அவன் பெண்டாட்டி ஷோக்கோ கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றாள். மறுநாள் கோயிலுக்கு இழுத்துப் போகும் முன்னால் காஸ்தீல்காரர்கள் தெருவில் தீ வைத்துவிட்டார்கள். சுவர் சரிந்தது. மகன் கட்டை அறுத்துக்கொண்டு ஓடிவிட்டான். அப்புறம் நகரமும் விழுந்தது.

ஊருக்குத் திரும்பிய சிமாலின் கையில் இருந்தது அந்த முடிக்கொத்து ஒன்றுதான். தெகோல் அதை வாங்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "அட, மக்காச்சோளக் கதிர்ல தொங்குமே நாரு, அதக் கொண்டாந்து காஸ்தீல்காரன் மசுருங்கிறான்" என்றான். ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. நாடு போன துக்கத்தில் இருந்த ஜனங்கள் அந்த வருஷம் சிரித்தது அன்றைக்கு மட்டும்தான்.

சில வருஷம் கழித்து, தோலப்பான் ஊரை லோப்பே சம்பிரானோ என்கிற காஸ்தீல்காரருக்குக் கொடுத்துவிட்டதாகத் தண்டோரா போட்டார்கள். நகரத்தை வென்ற வீரராம். அந்த வீரத்துக்குப் பரிசாக ஊரின் கப்பமும் உழைப்பும் இனி அவருக்கு. குதிரைமேல் வந்து இறங்கியவரை மைதானத்தில் ஜனங்கள் வரிசையாக நின்று பார்த்தார்கள். சிமாலும் பார்த்தான். லோப்பேயும் வரிசையைப் பார்த்துக்கொண்டே வந்தார். சிமால் முன்னால் வந்ததும் அவர் கையிலிருந்த கொக்கோ பானம் சட்டையெல்லாம் கொட்டியது. முகம் வெளுத்துவிட்டது; ஏற்கெனவே வெளுத்த முகம் இன்னும் எப்படி வெளுக்கும் என்று கேட்காதீர்கள், வெளுத்தது. வெயில் மண்டையைப் பிளந்தும் மனுஷர் தொப்பியைக் கழற்றவில்லை.

என்னுடைய மகன்தான், சந்தேகமே இல்லை என்று சிமாலுக்குத் தெரிந்துபோயிற்று. வாயைத் திறக்கவில்லை. காஸ்தீல்காரனைப் பலிக்குப் பிடித்தவன் என்று தெரிந்தால் தூக்கில் போட்டுவிடுவார்கள் என்ற பயம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், கொஞ்ச நாளிலேயே அவனுக்கு வேறொன்று புரிந்தது. அக்கம்பக்கத்து ஊர்களில் பொன் கேட்டார்கள், போர்வை கேட்டார்கள், பெண்ணைக் கேட்டார்கள், ஆள் கேட்டார்கள். தோலப்பானில் லோப்பே கேட்டதெல்லாம் சோளமும் வாத்தும் கொஞ்சம் கோரைப்பாயும்தான். அதையும் குறைத்துக் கொடுத்தால் கண்டுகொள்ளமாட்டார். எல்லாம் ஊர்க்கோயில் அந்தோணியார் செய்த அருள் என்று ஜனங்கள் மெழுகுவத்தி ஏற்றினார்கள். அருள் செய்தது தன் வாய்தான் என்று சிமாலுக்கு மட்டும் தெரியும். அந்த வாயை மூடியே வைத்திருந்தான்.

ஆனாலும் தகப்பன் மனசு கேட்குமா? பண்டிகைக்குப் பண்டிகை, வேகவைத்த சோளக் கொழுக்கட்டையும் வறுத்த வாத்தும் லோப்பேயின் வாசலில் கொண்டுபோய் வைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் திரும்புவான். லோப்பே அதை முதலில் நாய்க்குப் போட்டுப் பார்ப்பார். நாய் வாலாட்டிக்கொண்டு இன்னும் கேட்ட பிறகுதான் தான் சாப்பிடுவார். அந்த வீட்டு நாய் மாதிரி கொழுத்த நாய் ஏரிக்கரையிலேயே கிடையாது.

இப்படியே பல வருஷம் நன்றாகப் போய்க்கொண்டிருந்த நேரத்தில்தான் ஒர்த்தூன்யோ என்ற சுரங்கக்காரர் வழக்குப் போட்டார். தாஸ்கோ மலையில் அவருக்கு வெள்ளிச் சுரங்கம் இருந்தது. பக்கத்து ஊர் அவர் கையில்தான். அங்கிருந்து சுரங்கத்துக்குப் போன ஆம்பிளைகள் திரும்பி வரவில்லை. வந்த ஒன்றிரண்டு பேரும் இருமி இருமிச் செத்தார்கள். அவருக்கு இன்னும் ஆள் வேண்டும். லோப்பே நகரச் சண்டையில் இருந்ததே இல்லை, எல்லாம் முடிந்த பிறகு திராட்சைமது பீப்பாயோடு கப்பலில் வந்தவர், வீரர் என்று பொய் சொல்லி ஊரை வாங்கிவிட்டார், அதனால் ஊரை எனக்குக் கொடுங்கள் என்பது அவர் வழக்கு. லோப்பேயின் பக்கத்தில் நின்று சண்டைபோட்ட காஸ்தீல் படையாட்கள் ஒருத்தர்கூட உயிரோடு இல்லை. அத்தனை பேரையும் நம்மாட்கள் ஒழுங்காகப் பிடித்து, ஒழுங்காக ஒப்படைத்திருந்தார்கள். ஒழுங்கில்லாமல் செய்தவன் சிமால் ஒருவன்தான்.

லோப்பே முதல் தடவையாகச் சிமாலின் வீட்டுக்கு வந்தார். வாசற்படி தாழ்வு, தொப்பியைக் கையால் அழுத்திக்கொண்டு குனிந்து நுழைந்தார். நம் பாஷையை அவர் அடுப்படிப் பெண்களிடம் கற்றுக்கொண்டவர். அதனால் எவ்வளவு பெரிய விஷயம் பேசினாலும் கறி வேகவில்லை என்று அலுத்துக்கொள்கிற மாதிரியே இருக்கும்.

"அடப் பாவி மனுசா, என்னை இந்தக் கதிக்கு ஆளாக்கிட்டாங்களே! நான் அங்க இருந்தேன்னு நீதான் வந்து சொல்லணும். வேற நாதியில்ல எனக்கு."

"இருந்தீங்கதான். சொல்றேன்."

"எப்படி இருந்தேன்னு சொல்லுவ?"

சிமால் கொஞ்சம் யோசித்தான். "எப்படி இருந்தீங்களோ அப்படித்தான்."

"ஐயையோ, வேணாம்! என் மானமே போயிடும். வாளை ஓங்கிக்கிட்டு முன்னால நின்னேன்னு சொல்லு. நீ எதிர்க்கரையில இருந்து பாத்தேன்னு சொல்லு. அதுபோதும்."

"நான் எதிர்க்கரையில இல்லீங்களே. நான்தான் உங்க மயிரப் புடிச்சு…"

"யோவ், மெதுவாப் பேசு!"

கஞ்சிக் கலயத்தை லோப்பேயின் முன்னால் நங்கென்று வைத்தாள் ஷோக்கோ. ஊராண்டவர் என்றெல்லாம் அவள் பார்க்கவில்லை.

"உங்க ரெண்டு பேர் மானமும் எக்கேடோ கெட்டுப் போகட்டும். அன்னிக்கு என் புள்ள வாயில போட வேண்டிய சோளத்தத் தின்னுட்டுத்தானே ஓடுனீங்க? ஓடுனவரு ஓடுனவராவே இருந்திருக்கலாம். சரி, அது கெடக்கட்டும். இப்ப என் புள்ள சுரங்கத்துக்குப் போகக் கூடாது. மருமக முழுகாம இருக்கா. எனக்கு அது ஒண்ணுதான்." சிமாலின் பக்கம் திரும்பினாள். "அவரு சொல்றத சொல்லிட்டு வாங்க. மேல ஒரு வார்த்த பேசாதீங்க."

"சரி" என்றான் சிமால்.

"சத்தியமா?"

"சரின்னு சொல்லிட்டேன்ல, விடு."

அந்தக் கைக்குழந்தைதான் இப்போது வளர்ந்து நிற்கும் மசாத். சேற்றை மேடாக்கி ஏரிக்குள் தோட்டம் போடுவதில் கெட்டிக்காரன். ஊரில் சுரங்கத்துக்கு ஆள் பிடித்தால் முதலில் கைவைக்கிற மாதிரித் தோளும் முதுகும். சிமாலுக்கு இருப்பது அவன் ஒருவன். பிடித்த மகனைச் சேர்க்காமல் சொன்னால்.

கிளம்பும்போது லோப்பே வாசலில் நின்று தயங்கினார். "அந்த முடி… இன்னும் வெச்சிருக்கியா என்ன?"

"மகன் முடிய யாராச்சும் தூக்கிப் போடுவாங்களா?"

"எரிச்சுடு, உனக்குப் புண்ணியமாப் போகும்."

அதற்கும் சிமால் சரி என்றான். எரிக்கவில்லை.

நகரத்துக்கு ஓடத்தில் போனார்கள். ஊர் சார்பில் யாராவது கூட வரவேண்டும் என்று விதி. போயும் போயும் தெகோலை அனுப்பினார்கள். வழிநெடுக அவன் வாய் ஓயவில்லை. விசாரணை மண்டபத்தில் நீதிபதி ஜலதோஷம் பிடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். ஒரு பக்கம் ஒர்த்தூன்யோ தன் வக்கீலோடு. இன்னொரு பக்கம் தொப்பியோடு லோப்பே. வேடிக்கை பார்க்க நகரத்துக் காஸ்தீல்காரர்கள் கூட்டம். நடுவில் இரண்டு பாஷையும் தெரிந்த ஓர் ஆள், அங்கே சொல்வதை இங்கேயும் இங்கே சொல்வதை அங்கேயும் சொன்னான்.

சிமால் சிலுவையைத் தொட்டுச் சத்தியம் செய்தான். எதிர்க்கரையில் இருந்தேன், மஞ்சள் முடிக்காரர் வாளை ஓங்கி முன்னால் நின்றார், சிங்கம் மாதிரி சண்டை போட்டார் என்றான். சிங்கத்தை அவன் பார்த்ததே இல்லை. லோப்பே சொல்லிக் கொடுத்த வார்த்தை.

"அவ்வளவு தூரத்துல இருந்து பாத்தவனுக்கு ஆள் அடையாளம் எப்படித் தெரியும்?" என்று எழுந்தான் வக்கீல்.

நீதிபதி ஒரு தும்மல் போட்டுவிட்டுக் கையசைத்தார். "எதிரியா நின்னவன் வந்து புகழுறான். அவனுக்கு இதுல என்ன லாபம்? நான் நம்புறேன். போதும், இறங்கு."

வேலை முடிந்தது. ஊர் பிழைத்தது. சிமால் சாட்சி மேடையின் படியில் ஒரு காலைக் கீழே வைத்தான். அந்த நேரம் பார்த்து, பின்பெஞ்சியில் உட்கார்ந்திருந்த தெகோல் பக்கத்து ஆளிடம் சொன்னது அவன் காதில் விழுந்தது.

"எதிர்க்கரையில நின்னானாம். கேட்டியா? நான் அன்னிக்கே சொன்னேன், இவன் தூரத்துலதான் நின்னிருப்பான்னு. இப்ப அவன் வாயாலயே வந்துருச்சு. சத்தியம் வேற பண்ணியிருக்கான்!"

இத்தனை வருஷம் கேட்ட கிண்டல் வேறு, இது வேறு. இதுவரை தெகோல் சொன்னதுதான். இப்போது அவனே சிலுவையைத் தொட்டுச் சொன்னதாகிவிட்டது. ஊருக்குப் போனால் சாகிறவரை இதுதான் பேச்சு. செத்த பிறகும் பேரன் காதில் இதைத்தான் போடுவார்கள். சிமாலுக்குக் காது சுட்டது, கண் இருட்டியது. ஷோக்கோவிடம் சொன்ன சரி, மசாத்தின் முகம், எல்லாம் அந்த நொடியில் எங்கே போயிற்றோ தெரியாது. கீழே வைத்த காலைத் திரும்ப மேலே எடுத்தான்.

"ஐயா, இன்னும் கொஞ்சம் இருக்கு."

"என்ன?"

"சண்டைக் காலத்துல செஞ்சதுக்கு இப்ப தூக்கு உண்டா?"

"அதையெல்லாம் ராஜா மன்னிச்சாச்சு. பயப்படாமச் சொல்லு."

லோப்பே நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். சிமால் அவரைப் பார்க்கவில்லை. தெகோலைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"நான் எதிர்க்கரையில நிக்கல. பக்கத்துல நின்னேன். இந்தக் கையாலதான் இவரச் சேத்துல இருந்து இழுத்தேன். வாளெல்லாம் ஓங்கல. அம்மா அம்மான்னு அழுதாரு. மூக்க நான்தான் தொடச்சு விட்டேன். இவரு என் மகன், முறையாப் புடிச்ச மகன். இதோ இவரு முடி!"

மடியிலிருந்து எடுத்து நீதிபதியின் மேசைமேல் வைத்தான். நீதிபதி ஜலதோஷத்தை மறந்துவிட்டார். லோப்பேயைத் தொப்பியைக் கழற்றச் சொன்னார். லோப்பே மாட்டேன் என்று கெஞ்சினார். சேவகன் ஒருவன் கழற்றினான். உச்சந்தலையில் ஒரு ரொட்டி வைக்கிற அளவுக்கு வழுக்கை, சுற்றிலும் மஞ்சள் முடி. நீதிபதி கொத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். நரை கொஞ்சம் கூடியிருந்தது. மற்றபடி சந்தேகமே இல்லை.

முதலில் சிரித்தவர் நீதிபதிதான். அப்புறம் யாரும் யாருக்கும் காத்திருக்கவில்லை. ஒர்த்தூன்யோகூட வழக்குத் தோற்கப்போவதை மறந்து தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். லோப்பே சம்பிரானோ நகரச் சண்டையில் இருந்தது ஐயத்துக்கிடமின்றி நிரூபணமாயிற்று, அழுதுகொண்டு இருந்ததால் உரிமை கெடாது, ஊர் அவருக்கே என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே தீர்ப்புச் சொன்னார் நீதிபதி.

தெகோல் சிரிக்கவில்லை. வாயைப் பிளந்தபடி எழுந்து வந்து, அந்த முடியைத் தொட்டுப் பார்த்தான். "நெசமாத்தான் புடிச்சியாடா?" என்றான். சிமாலின் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமான நாள் வேறு கிடையாது. பொய் எதற்குச் சொல்ல வேண்டும்?

ஊரில் பெரியவர்கள் கூடினார்கள். கோயிலில் ஒப்படைக்காவிட்டாலும் காஸ்தீல் கோர்ட்டிலேயே ஒப்படைத்தாயிற்று, அதற்கு மேல் என்ன வேண்டும் என்று முடிவாயிற்று. தெகோலே கருங்கண்ணாடிக் கல்லில் செதுக்கிய கத்தியை எடுத்து, சிமாலை மண்டியிடச் சொல்லி, அந்த நரைத்த பின்குடுமியை மழித்தான். முன்னோர் போர்த்த மாதிரி ஓரத்தில் சிவப்புக் கரை போட்ட துப்பட்டியைப் போர்த்தினார்கள். கற்றாழைக் கள் பானை பானையாக வந்தது. சாமியாருக்குச் சந்தேகம் வரக்கூடாது என்று அந்தோணியார் திருநாள் என்று சொல்லி வைத்தார்கள். மசாத் அப்பாவைத் தோளில் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி வந்தான்.

ஷோக்கோ மட்டும் கள் குடிக்கவில்லை. "மேல ஒரு வார்த்த பேசாதீங்கன்னு சொன்னேன்ல?" என்றாள்.

"ஜெயிச்சிட்டோம்ல? ஊரு நம்ம ஆளு கையிலதானே இருக்கு?"

"இருக்கட்டும், பாப்போம்."

நகரத்தில் லோப்பே தெருவில் இறங்க முடியவில்லை. மதுக்கடையில் நுழைந்தால், "அப்பா சௌக்கியமா?" என்று கேட்டார்கள். அவர் வீட்டுக் கதவில் யாரோ தினமும் சோளநாரைக் கட்டித் தொங்கவிட்டார்கள். கல்யாணம் பேசிவைத்திருந்த பெண் வீட்டார், மாப்பிள்ளையின் தகப்பனாரும் பரிசத்துக்கு வருவாரா என்று ஆள்விட்டு விசாரித்தார்கள். அதோடு மனுஷர் விட்டுவிட்டார். ஊரை ஒர்த்தூன்யோவுக்கே எழுதிக் கொடுத்துவிட்டு, ஒரு குதிரையையும் கப்பல் கூலியையும் வாங்கிக்கொண்டு தெற்கே பெரு தேசத்துக்குப் போய்விட்டார். அங்கே அவரை யாருக்கும் தெரியாது. இந்நேரம் சிங்கம் மாதிரி சண்டை போட்ட கதையைச் சொல்லிக்கொண்டிருப்பார்.

கைமாற்றுவதில் ஒரு சிக்கலும் வரவில்லை. வழக்கில் இருக்கும் ஊர் என்றால் கவர்னர் யோசித்திருப்பார். தோலப்பான்மேல் லோப்பேயின் உரிமையில் ஓட்டை உடைசல் இல்லை என்றுதான் சிமால் சாட்சி சொல்லித் தீர்ப்பே ஆகியிருந்ததே.

ஒர்த்தூன்யோவின் மேஸ்திரி கயிற்றோடு வந்தான். மைதானத்தில் ஆம்பிளைகளை நிறுத்தி, தோளைத் தட்டிப் பார்த்துத் தேர்ந்தெடுத்தான். முதல் ஆள் மசாத். இரண்டாவது தெகோலின் மகன். சிமால் துப்பட்டியைப் போர்த்துக்கொண்டு ஓடிப் போய் மேஸ்திரியின் முன்னால் நின்றான்.

"என்னைக் கூட்டிட்டுப் போங்கய்யா. அவன விட்ருங்க."

மேஸ்திரி ஏற இறங்கப் பார்த்தான். "போ பெருசு, வழிய விடு. உன்ன வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ண?"

தெகோல் ஓரமாக நின்று அழுதுகொண்டிருந்தான். ஒரு கிண்டலும் வரவில்லை. "நீங்க பெரியவங்க, நீங்களே சொல்லியும் கேக்க மாட்டேங்குறானே" என்றான். பின்குடுமி என்றே கூப்பிட்ட பங்காளி முதல் தடவையாக மரியாதை கொடுத்தான். வெறும் பின்கழுத்தில் வெயில் சுட்டது.

ஷோக்கோ ரொட்டி மூட்டையை மகனின் தோளில் மாட்டினாள். மருமகள் அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டு விடமாட்டேன் என்று நின்றாள். இரண்டு பெண்கள் சேர்ந்து பிரித்தார்கள். சிமால் மகனின் கையைப் பிடித்துக்கொண்டான். அவனால் அழக்கூட முடியவில்லை. மசாத்துக்குக் கோபம் இல்லை. அதுதான் தாங்கவில்லை.

"அவரு இறங்குன்னு சொன்னப்பவே இறங்கியிருக்கலாம்ப்பா."

"இறங்கியிருக்கலாம்டா" என்றான் சிமால். "எம் புத்தி கெட்டுப் போச்சுடா ராசா."

"சரி விடுங்க. அம்மாவப் பாத்துக்கோங்க."

மேஸ்திரி கயிற்றை இழுத்தான். வரிசை மலைப்பாதையைப் பார்த்து நகர்ந்தது. சிமால் மகன் பக்கத்திலேயே ஊர் எல்லை வரைக்கும் நடந்தான். அதற்கு மேல் அவனை விடவில்லை.